எண் போட்ட கத்திகள்

போலீஸ்காரர்கள் இருவர் வந்தபோது அவன் ஒரு பெரிய பாறை மீனைப் பாதி வெட்டியிருந்தான். காலை ஏழு மணி. மழை வருவது போல் போக்குக் காட்டி வராமலே ஏமாற்றிக்கொண்டிருந்தது. மீன் மார்க்கெட்டின் தகரக் கூரைக்குக் கீழே புழுக்கம். தரையில் ஐஸ் உருகிய தண்ணீரும் செதிலும்.

"நாப்பத்தொண்ணு யாருப்பா?" என்றார் மூத்த போலீஸ்காரர்.

நான்கைந்து கைகள் ஒரே திசையில் நீண்டன. காட்டிய பிறகுதான் கேட்டது யார் என்று பார்த்தார்கள். கைகள் இறங்கின.

"நான்தான்," என்றான் அவன்.

"ஸ்டேஷனுக்கு வா."

"இந்த மீன முடிச்சுட்டு வந்துடறேன் சார். அந்தம்மா நிக்கிறாங்க."

போலீஸ்காரர் அந்தம்மாவைப் பார்த்தார். அந்தம்மா தன் பையைப் பார்த்துக்கொண்டாள். அவன் மீதி மீனை ஆறு துண்டாகப் போட்டான். அவசரமும் இல்லை, தாமதமும் இல்லை. பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து செதில் சீவிக்கொண்டிருந்த அவன் மனைவி துண்டுகளை அள்ளிப் பையில் போட்டாள். ஒரு துண்டு கை தவறிக் கீழே விழுந்தது. எடுத்துக் கழுவி மறுபடி போட்டாள்.

மார்க்கெட்டில் அவளுக்குப் பெயர் பொடி. ஆள் சின்னது, கை படுவேகம். கல்யாணமாகி வந்த முதல் வாரமே ஐஸ்காரர் வைத்த பெயர். பன்னிரண்டு வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் கத்தியைக் கழுவினான். போலீஸ்காரர் அதை வாங்கிப் புரட்டினார். பழைய இரும்பு, புதுப் பிடி. வெளுத்த மரத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எண் எங்க?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

நாலு மாதத்தில் ஐந்து கத்திக்குத்து. ஐந்தும் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பஸ் ஷெட்டில், பொழுது சாய்கிற நேரத்தில். மூன்றாவது ஆள் இறந்துபோனான். அதற்குப் பிறகு நகராட்சியில் கூட்டம் போட்டார்கள். போலீஸ் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், வியாபாரிகள் வந்தார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மார்க்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு கத்திக்கும் எண் போட்டுவிடுவது என்று கடைசியில் முடிவானது. எந்தக் கத்தி எங்கே கிடந்தாலும் யாருடையது என்று தெரிந்துவிடும். வியாபாரிகள் சிரித்தார்கள். பிறகு வரிசையில் நின்றார்கள். ஒரே வாரத்தில் ஒருவரையொருவர் எண் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏ பன்னெண்டு, ஒரு கூடை ஐஸ் இப்படித் தள்ளு."

"முப்பத்தாறு இன்னைக்கு வரலப்பா. மாமியார் வந்திருக்காங்களாம். கத்தி பக்கத்துலயே இருக்கக் கூடாதுன்னு வீட்டுல உத்தரவு."

பொடியின் புருஷன் நாற்பத்தொன்று. அதிகம் பேசாதவனுக்கு எண்ணே போதுமானதாக இருந்தது.

*

கடையை ஐஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பொடி ஸ்டேஷனுக்குப் போனபோது மணி ஒன்பது. கையில் ரொட்டி இருந்தது. வழியில் வாங்கியது. ஏன் வாங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் கத்துகிறவர் இல்லை. தூங்கி இரண்டு நாள் ஆன கண்.

"உட்காரும்மா. நேத்து சாயந்திரம் ஆறரைக்குப் பஸ் ஷெட்ல ஒருத்தனக் குத்தியிருக்காங்க. பார்சல் ஆபீஸ்ல மூட்டை தூக்கறவன். தொடையில. பொழச்சுக்குவான்னு டாக்டர் சொல்றாரு. இன்னும் பேசற நிலைமையில இல்ல. கத்திய அங்கேயே போட்டுட்டு ஓடியிருக்கான்."

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே நீளமான கத்தி. அவர் பையைத் திருப்பினார். பிடியில் சூடு போட்ட எழுத்து. 41.

"படிப்பியா?"

"படிப்பேன் சார்."

"பட்டியல்ல நாப்பத்தொண்ணு யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"கடையில வச்சிருந்த கத்தியில எண் இல்ல. எண் இருக்கற கத்தி இங்க இருக்கு. நேத்து ஆறரைக்கு அந்த வழியாத்தான் வீட்டுக்கு நடந்தேன்னு அவனே சொல்றான். நீ என் எடத்துல இருந்தா என்ன பண்ணுவே?"

பொடி கத்தியைப் பார்த்தாள். பிடியை அவளுக்குத் தெரியும். பெருவிரல் படுகிற இடத்தில் தேய்ந்த பள்ளம்கூடத் தெரியும். இரும்பை அவள் பார்த்ததே இல்லை.

"பிடி அவரோடது சார். கத்தி வேற."

"அவனும் இதையேதான் சொல்றான். சரி, பிடி எப்படி வேற கத்திக்குப் போச்சுன்னு கேட்டா வாயில பூட்டு. நகராட்சி ரிப்போர்ட்ல எண்ண இரும்புல அடிச்சதாப் போட்டிருக்கு. பிடியப் பத்திப் பேச்சே இல்ல. உன் புருஷன நம்பறதா, ரிப்போர்ட்ட நம்பறதா?" அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு அவனக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும். ஜட்ஜு உள்ள போடச் சொன்னா ஜெயில்தான். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. அஞ்சு நிமிஷம் பேசிட்டு வா. சொல்லச் சொல்லு."

அவன் உள் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கால் செருப்பு இல்லாமல் வெளுத்துத் தெரிந்தது. விரலிடுக்கில் இன்னும் ஒரு செதில் மின்னியது.

"மீன் எல்லாம் ஐஸ்ல போட்டியா?"

"அது ஒண்ணுதான் இப்பக் கொறச்சல். பிடிய யாரு மாத்தினாங்கன்னு சொல்லிடுங்களேன்."

அவன் ரொட்டியைப் பிய்த்தான். மெல்லவில்லை. கையில் வைத்திருந்தான்.

"அக்கா வீடு," என்றான்.

"நான் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா நான் சொன்ன மாதிரிதான்."

"ஜெயில்னு சொல்றாரு அந்த மனுஷன்."

"கேட்டேன்."

அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வராது என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து செதில் சீவியவள்.

*

அவனுடைய அக்காவின் புருஷன் சாணைக்காரர். மிதிச் சக்கரத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுவார். மார்க்கெட்டுக்கு இரண்டு நாள், வீடுகளுக்கு மூன்று நாள், இன்று போல் மற்ற நாளில் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் கொட்டகையில் வேலை. பொடி போனபோது ஒரு தையல்காரரின் கத்தரிக்கோல் சக்கரத்தில் பொறி கக்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்தியா? கேள்விப்பட்டதுலேருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல," என்றாள் நாத்தனார். "அவன் என்னடி பண்ணான்? ஒரு எறும்பு கடிச்சாக்கூடத் தட்டிவிட யோசிக்கறவன் அவன்."

"ஒண்ணும் பண்ணல அண்ணி. குத்தின கத்தியில அவரு பிடி இருக்கு."

சக்கரம் சுற்றியது. அடுத்த சுற்றில் வேகம் குறைந்தது. பிறகு நின்றது.

"எந்தப் பிடி?" என்றார் சாணைக்காரர்.

"போன மாசம் நீங்க கழட்டினீங்களே அண்ணே. கீழ்ப்பக்கம் விரிசல் விட்டுச்சுன்னு."

அவர் எழுந்தார். மூலையில் ஒரு பழைய பெயிண்ட் டின் இருந்தது. அதைக் கொண்டுவந்து கவிழ்த்தார். மரப்பிடிகள் உருண்டன. எல்லாவற்றிலும் கருகிய எண்கள். 8. 30. 77. 54.

உப்புத் தண்ணீரில் கிடந்து கிடந்து மீன் கத்தியின் பிடி மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது. ஊறி, வெடித்து, கையைக் கிழிக்கும். சாணைக்காரர் பழையதைக் கழற்றிப் புதுசு போட்டுக் கொடுப்பார். கழற்றியதில் வெடித்த அடிப்பாகத்தை அறுத்து எறிந்துவிட்டு, மீதியை வீட்டுக் கத்திகளுக்குப் போடுவார். அவருக்குத் தெரிந்து அப்படித்தான். அவருடைய அப்பா காலத்திலும் அப்படித்தான்.

"தேக்கு," என்றார். "தூக்கிப் போட மனசு வரல."

"எண்ணு இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா உங்களுக்கு?" என்றாள் நாத்தனார்.

"தெரிஞ்சுது. தேய்ச்சுப் பார்த்தேன். ஆழமாச் சுட்டிருக்கான், போகல."

"எத்தன கத்திக்கு இப்படிப் போட்டீங்க?"

"யாரு எண்ணிக்கிட்டிருந்தா?"

"இப்பவாவது எண்ணுங்க! உள்ள போனா அங்க எண்ணிக்கிட்டே இருக்கலாம், வேற வேலையே கிடையாது!"

அவர் பிடிகளைப் பொறுக்கித் திரும்ப டின்னில் போட ஆரம்பித்தார். கை மட்டும் வேலை செய்தது. "சூப்பர்வைசர்கிட்டக் கொண்டு போனேன். ரெண்டு தடவை. பழைய பிடி சேருது, என்ன பண்ணட்டும்னு கேட்டேன். இதையெல்லாம் இங்க கொண்டு வராதேன்னுட்டாரு. என்னையப் பார்க்காத மாதிரி பேனாவ உதறிக்கிட்டே சொன்னாரு."

"இத இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்ல முடியுமா அண்ணே?" என்றாள் பொடி.

அவர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் முறத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் புருஷன் ஒருத்தன். கூடப் பொறந்தவன் ஒருத்தன். ரெண்டுல எதுடி வேணும்னு வந்து நிக்கறியா?"

பொடி உருண்டு கிடந்த ஒரு பிடியை எடுத்து டின்னில் போட்டாள்.

"வாயத் தொறந்து ஏதாவது சொல்லு. அவன மாதிரியே ஆயிட்ட நீயும்."

"நான் என்ன அண்ணி சொல்றது. இங்க வரச் சொல்லி அவரு சொல்லல. நீ சொன்னா நான் சொன்ன மாதிரிதான்னு வேற சொன்னாரு."

"வேற என்ன சொன்னான்?"

"அக்கா வீடுன்னாரு. அவ்வளவுதான்."

நாத்தனார் முறத்தைக் கீழே வைத்தாள். அரிசி ஒரு பக்கமாகச் சரிந்தது. சரிந்ததைக் கவனிக்காமல் உள்ளே போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கையில் அவருடைய வெளுத்த சட்டை.

"போடுங்க."

"எனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா ஆகட்டும். தினம் ரெண்டு வேள சோறு கொண்டாந்து தரேன். சின்ன வயசுல அவனுக்கு ஊட்டிவிட்ட கைதான் இது. உங்களுக்கும் ஊட்டும். போடுங்க சட்டைய."

அவர் போட்டார். பொத்தானை மாற்றிப் போட்டார். அவள் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

*

மார்க்கெட் சூப்பர்வைசரின் அறை ஏலக் கொட்டகைக்கு மேலே. மரப்படியில் ஏற வேண்டும். மணி ஒன்றரை. அவர் மேஜையில் செய்தித்தாளை விரித்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். தலைக்கு மேலே சுவரில் கண்ணாடி போட்ட ஒரு கடிதம் தொங்கியது. எண் போடும் திட்டத்தைப் பாராட்டி மேலிடத்திலிருந்து வந்தது. மற்ற ஊர்களிலும் செய்யலாம் என்று எழுதியிருப்பதாக அவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

மூன்று பேரையும் பார்த்தார். டின்னைப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"கேள்விப்பட்டேன். எனக்கும் வருத்தம்தான். ஆனா போலீஸ் விஷயத்துல நான் தலையிட முடியாது."

"தலையிட வேணாம் சார்," என்றாள் பொடி. "எண்ணு இரும்புல இல்ல, பிடியிலதான் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. பிடி கழண்டு கழண்டு வேற கத்திக்குப் போவும்னு சொல்லுங்க."

"இரும்புலதான் அடிக்கப் பார்த்தோம். நீயும்தான் பக்கத்துல நின்னே. எண்ணு அச்ச வச்சு அடிச்சா வழுக்குது. மூணு கத்தியோட முனை போச்சு. கோழிக்கடைக்காரன் என் சட்டையப் பிடிச்சான். வேற வழியில்லாமத்தான் பிடியில சூடு போட்டேன்."

"ரிப்போர்ட்ல அப்படி இல்லையாமே சார்."

சூப்பர்வைசர் சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரிப்போர்ட் ஒரு நாள் முன்னாடியே போயிடுச்சு."

"வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியா?" என்றாள் நாத்தனார்.

"மேல இருந்து போன் மேல போன். சாயந்திரத்துக்குள்ள வேணும்னாங்க. செஞ்சாச்சுன்னு எழுதி அனுப்பிட்டு மறுநாள் செஞ்சேன். ஊர்ல யாரும் பண்ணாததா? இப்பப் போயி அது அப்படி இல்லன்னு சொன்னா என் கதி என்ன? நீங்களே சொல்லுங்க."

சாணைக்காரர் டின்னை மேஜை மேல் வைத்தார். வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்தார்.

சூப்பர்வைசர் கை கழுவாமலே இடது கையால் ஒரு பிடியை எடுத்தார். 54. அதை வைத்துவிட்டு இன்னொன்று. பிறகு அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்தார். எண்களை வரிசையாக அடுக்கினார். பென்சிலால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். அவர் கையெழுத்து அழகானது. ஒவ்வொரு பெயரும் அச்சில் போட்டது போல் இருந்தது. புள்ளிகள் பக்கத்துக்குப் பக்கம் கூடிக்கொண்டே போயின.

"நூத்திப் பன்னெண்டு பேர்ல இருபத்தாறு," என்றார்.

"இது கைவசம் இருக்கறது மட்டும் சார்," என்றார் சாணைக்காரர். "வீடுகளுக்குப் போனது தனி."

நாத்தனார் அவர் இடுப்பில் கிள்ளினாள். "உங்கள யாராவது கேட்டாங்களா?"

"இல்ல, கேட்டா சொல்லணும்ல."

சூப்பர்வைசர் பதிவேட்டை மூடவில்லை. விரலை நாற்பத்தொன்றின் மேல் வைத்திருந்தார்.

"சார்," என்றாள் பொடி. "குத்தினவன் இந்நேரம் எங்கயாவது உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருப்பான். அவனுக்கு ஒரு பயமும் இல்ல. உங்க பட்டியல் அவன மறைச்சு வச்சிருக்கு."

அவள் குரலை உயர்த்தவில்லை. அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு டிபன் பாக்ஸை மூடினார். பாதிச் சோறு உள்ளேயே இருந்தது. கையைக் கழுவினார்.

"மணி என்ன?"

"ரெண்டரை ஆகப் போவுது சார்."

"குடை இருக்கா?"

யாரிடமும் இல்லை. அவர் பதிவேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினார்.

*

தூறல் விழுந்தது. நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஸ்டேஷனுக்குள் போனபோது இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்கான காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அச்சு வழுக்கியதைச் சொன்னார். முந்தின நாள் போன ரிப்போர்ட்டைச் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அப்ப ரெண்டு மாசமா எங்கிட்ட இருக்கற பட்டியல் கத்திப் பட்டியல் இல்ல. பிடிப் பட்டியல்."

"ஆமா சார்."

"போன வாரம் ஒருத்தன இந்தப் பட்டியல வச்சுத்தான் ரெண்டு நாள் உக்கார வச்சேன். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் வரல."

"வரல சார்."

இன்ஸ்பெக்டர் சாணைக்காரர் பக்கம் திரும்பினார். "நீ எண்ணு போட்ட பிடிய வீட்டுக் கத்திக்கெல்லாம் போடுவேன்னு சொன்னா, நான் அப்படியே நம்பிடணுமா? மச்சானக் காப்பாத்த யாரும் சொல்ற கதைதானே இது."

"கதையில்ல சார். உங்க குவார்ட்டர்ஸ் தெருவுக்கும் வாரா வாரம் போவேன்."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"நான்தான். நம்ம வீட்டுக் காய் நறுக்கற கத்தி இருக்கில்ல. அதோட பிடியில ஏதாவது எழுதியிருக்கா பாரு."

மறுமுனைக் குரல் அறைக்கே கேட்டது. "வேலை நேரத்துல இதுக்கா போனு? சாப்பிட வருவீங்களான்னு கேட்டா மட்டும் போன எடுக்கறதில்ல. இருங்க... பதினேழுன்னு போட்டிருக்கு. சூடு போட்ட மாதிரி. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அதத் தொடாத."

"தொடாம ராத்திரிக்கு எப்படிச் சமைக்கறது?"

அவர் போனை வைத்தார். சூப்பர்வைசர் பதிவேட்டைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துவிட்டிருந்தார்.

"பதினேழு, கோழிக்கடை சார்."

"நான் கேட்டேனா?"

மூலையில் நின்ற கான்ஸ்டபிள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பொடிக்கும் சிரிப்பு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் பையைச் சாணைக்காரர் பக்கம் நகர்த்தினார். "இந்த இரும்பத் தெரியுமா?"

அவர் குனிந்து பார்த்தார். பையைத் தொடாமல் தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். தொழில் என்று வந்ததும் பயம் போய்விட்டிருந்தது.

"தர்பூசணி வெட்டற கத்தி சார். நீளத்தப் பாருங்க. மீனுக்கு இது வளையும். பஸ் ஷெட்டுக்கு எதிர்த்தாப்பல பழக்கடை இருக்கில்ல, அவரு தம்பி கொண்டாந்தான். பிடி உடைஞ்சு துணி சுத்தியிருந்தது. நான்தான் போட்டுக் கொடுத்தேன். மூணு தறையாணி. நடு ஆணி கொஞ்சம் கோணலா இருக்கும் பாருங்க."

இருந்தது.

கான்ஸ்டபிள்கள் இருவர் போனார்கள். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெளியே மழை வலுத்தது. கடிகாரம் மூன்றே கால், மூன்றரை, மூன்றே முக்கால். கோர்ட்டுக்குப் போகும் வண்டியை டிரைவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பொடி எதிர்ச் சுவரில் இருந்த ஒரு கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்திருந்தாள். இரண்டு கையும் ஈரம்.

கான்ஸ்டபிள்கள் திரும்பி வந்தபோது நடுவில் ஒருவன் இருந்தான். முப்பது வயது இருக்கும். சட்டையில் பழச்சாறு.

"கடையிலதான் சார் இருந்தான். புதுக் கத்தி ஒண்ணு வச்சுப் பழம் நறுக்கிக்கிட்டிருந்தான். பழைய கத்தி எங்கடான்னு கேட்டோம், அழுதுட்டான்."

"ஏண்டா குத்தினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பஸ்ஸுல ஏறுறப்ப இடிச்சான் சார். இருட்டுல யாரு என்னன்னு தெரியல. என் பையில கைய விட்டான்னு நெனச்சேன். கடையிலேருந்து கத்திய கையோட எடுத்துட்டுப் போறது சார், கொஞ்ச நாளா. பயத்துல. எல்லாரும் எடுத்துட்டுத்தான் போறாங்க."

அவனை உள்ளே கூட்டிப்போனார்கள். இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக் காகிதத்தைக் குறுக்கே கிழித்தார்.

"அவன வெளிய அனுப்புங்க."

நாற்பத்தொன்று வெளியே வந்தான். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். அக்காவைப் பார்த்தான், சாணைக்காரரைப் பார்த்தான்.

"ஏன் மாமா வந்தீங்க?" என்றான்.

"உங்க அக்கா சட்டையப் போட்டு விட்டா. வந்தேன்."

சாணைக்காரர் இன்ஸ்பெக்டரிடம் டின்னைக் காட்டினார். "இதையெல்லாம் எரிச்சுடறேன் சார்."

"எரிக்காத. இங்கேயே இருக்கட்டும். நீயும் ஊர விட்டு எங்கயும் போகாத, சாட்சி சொல்லணும். வீட்டுக்கெல்லாம் போட்ட பிடியப் போய்த் திரும்ப வாங்கிட்டு வா. முதல்ல என் வீட்டுக்குப் போ." பிறகு சூப்பர்வைசரிடம், "கூட்டத்துல நீங்க வேற ஏதோ கேட்டீங்களே. நானும் இருந்தேன்," என்றார்.

"விளக்கு சார். பஸ் ஷெட்டுக்கு ஆறு விளக்கு. சாயந்திரப் பஸ்ஸுக்கு வரிசைய ஒழுங்கு பண்ண ஒரு ஆள். அதத்தான் முதல்ல எழுதிக் கொடுத்தேன். எண்ணு அச்சு ஸ்டோர்ல கைவசம் இருக்கு, அதப் பண்ணுங்கன்னுட்டாங்க."

"திரும்ப எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன். அதோட இதையும் எழுதுங்க."

"எதை சார்?"

"பதினேழு."

"உங்க வீட்டுக் கத்தியவா சார்? எதுக்கு?"

"அப்பத்தான் படிப்பாங்க."

சூப்பர்வைசர் அங்கேயே ஒரு காகிதம் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். தேதியைப் போட்டார். இன்றைய தேதிதானா என்று சுவர்க் காலண்டரை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

*

பொடியின் வீட்டுக்குப் போகும்போது குடும்பம் நான்கு பேரும் முழுக்க நனைந்தார்கள். ஒருவரும் ஒதுங்கவில்லை. பொடி அடுப்பில் உலை வைத்தாள். ஐஸ்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்த சாளையைப் பொரித்தாள். எண்ணெயில் மீன் சீறும் சத்தத்தைக் கேட்டதும் பசி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னடா?" நாத்தனார் ஆரம்பித்தாள். "அக்கா வீடாம். பெரிய தியாகி. ஜெயில்ல போட்டிருந்தா அங்க யாரு உனக்கு மீன் பொரிச்சுத் தருவா? பொண்டாட்டி கதி என்ன? யோசிச்சியா? வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

அவன் சாப்பிட்டான். மூன்றாவது முறை சோறு வாங்கினான். பொடி எதிரே உட்கார்ந்து அவன் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தட்டில் ஈ உட்கார்ந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"இந்த மனுஷன் மட்டும் என்ன," நாத்தனார் சாணைக்காரர் பக்கம் திரும்பினாள். "இன்ஸ்பெக்டர் முன்னாடி போயி உங்க தெருவுக்கும் வாரா வாரம் வருவேன்னு. எனக்கு அங்கேயே உயிர் போச்சு."

"உண்மையத்தான் சொன்னேன்."

"இன்னும் ரெண்டு உண்ம சொல்லியிருந்தா மூணு பேரையும் உள்ள வச்சிருப்பாங்க. நாளைக்கு அந்த இன்ஸ்பெக்டரம்மா வீட்டு வாசல்ல போயி நின்னு பேசிக்கிட்டிருக்காதீங்க. பிடியக் கொடுங்கம்மான்னு கேட்டு வாங்கிட்டு வாங்க. டேய், உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். இனிமே எதுவா இருந்தாலும்..."

அவள் நிறுத்தினாள். அவன் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப் போயிருந்தான். சாப்பிட்ட கை தட்டிலேயே இருந்தது.

பொடி ஒரு துணியை நனைத்து வந்தாள். விரல் விரலாக அந்தக் கையைத் துடைத்து அவன் மடியில் வைத்தாள். அவன் அசையவில்லை.

நாத்தனார் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.